எல்லையில் தொலையும் நிமிடங்கள்

ஐரோப்பாவின் ரயில் வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் அது ஒரே வலையமைப்பு என்றுதான் தோன்றும். ராட்டர்டாம் துறைமுகத்தில் புறப்படும் கோடு ஜெர்மனிக்குள் நுழைந்து, ரைன் நதியை ஒட்டியே தெற்கே இறங்கி, சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்துகொண்டு, இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் போய் முடிகிறது. நான்கு நாடுகள் வழியே செல்லும் அந்தக் கோடு எங்கும் அறுபடுவதில்லை. அதன்மேல் ஓடும் சரக்கு ரயிலின் கதை வேறு. ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, பல சர்வதேச வழித்தடங்களில் சரக்கு ரயிலின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்தான் என்று பதிவு செய்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய ரயில் அது. அப்படியானால் பயண நேரத்தின் பெரும்பகுதியில் அது ஓடவே இல்லை; ஏதோ ஒரு யார்டிலோ, எல்லை நிலையத்திலோ, லூப் லைனிலோ நின்றுகொண்டிருக்கிறது.

ரயில் கால அட்டவணைகளைப் படிப்பதை நெடுநாள் வழக்கமாகக் கொண்டவன் நான். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. எல்லை கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை உயர்த்த விரும்பும் அரசுகள் பெரும் சுரங்கங்களுக்கும் பாலங்களுக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது, இரு நாடுகளின் அட்டவணைகள் கைகோத்துக்கொள்ளும் இடத்தின்மீது காட்டியாக வேண்டும். சுரங்கங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றின் பயன் முழுமையாகக் கைக்கு வர வேண்டுமானால், வேறு சில காரியங்கள் அவற்றுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் ஒரு பாதையின் கொள்ளளவு என்பது என்ன என்று பார்த்துவிடலாம். இதைப் பற்றிய தவறான எண்ணமே பல தவறான முடிவுகளுக்குக் காரணமாகிறது. இரண்டு நிலையங்களுக்கு இடையே 60 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பாதையை எடுத்துக்கொண்டு, ஒரே திசையில் ஓடும் ரயில்களை மட்டும் கணக்கில் வைப்போம். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பயணிகள் ரயில் அந்தத் தொலைவை இருபத்திரண்டரை நிமிடத்தில் கடக்கும்; மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சரக்கு ரயிலுக்கு 36 நிமிடம் ஆகும். ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையே பாதுகாப்புக்காக 4 நிமிட இடைவெளி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எல்லா ரயில்களும் ஒரே வேகத்தில் ஓடும்வரை மணிக்கு 15 ரயில்களை அனுப்பிவிடலாம்.

இப்போது பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் ஒன்று மாற்றி ஒன்று ஓடட்டும். முதல் பயணிகள் ரயில் கிளம்பிய 4ஆவது நிமிடத்தில் புறப்படும் சரக்கு ரயில், 40ஆவது நிமிடத்தில் மறுமுனையை அடைகிறது. அதன் பின்னால் வரும் அடுத்த பயணிகள் ரயில் 44ஆவது நிமிடத்துக்கு முன் அங்கே வந்துசேரக் கூடாது என்பதால், இருபத்தொன்றரையாவது நிமிடத்துக்கு முன்னால் அது புறப்படவே முடியாது. அதாவது இருபத்தொன்றரை நிமிடத்துக்கு இரண்டு ரயில்கள். மணிக்கு ஆறுகூட முழுதாக வராது. தண்டவாளம் அதேதான், சிக்னல் அதேதான், 15 ஆறுக்கும் கீழே இறங்கிவிட்டது. வேகத்தில் உள்ள வேறுபாடுதான் கொள்ளளவைத் தின்கிறது.

இதே பாதையின் நடுவில், 30ஆவது கிலோமீட்டரில், சரக்கு ரயில் ஒதுங்கி நிற்க ஒரு லூப் லைன் போட்டால் என்ன ஆகும்? சரக்கு ரயில் அங்கே ஒதுங்கிப் பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு, எட்டு நிமிடம் காத்திருந்து, பிறகு தன் போக்கில் தொடரும். கணக்குப் போட்டுப் பார்த்தால், இருபத்தொன்றரை நிமிடச் சுற்று பதினைந்து நிமிடத்துக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கி, மணிக்கு எட்டு ரயில்கள் ஓட இடம் கிடைக்கிறது. சில நூறு மீட்டர் தண்டவாளமும் ரயிலைத் தடம் மாற்றிவிடும் இரண்டு பாயிண்டுகளும் சில சிக்னல்களும் ஒரு பாதையின் கொள்ளளவை மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உயர்த்திவிட முடியும் என்பதை இந்தச் சிறிய கணக்கு காட்டுகிறது.

ஆனால் அந்த லூப் லைனுக்குள் ரயில் முழுவதும் அடங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் சரக்கு ரயில்களுக்கு 740 மீட்டர் நீளத்தை இலக்காக வைத்திருப்பதன் பொருள் இதுதான். ஒரு நாட்டில் 740 மீட்டர் ரயில் ஒதுங்க இடமிருந்து, அடுத்த நாட்டின் லூப்கள் 600 மீட்டரோடு நின்றுவிட்டால், ஒன்று எல்லையில் ரயிலைப் பிரிக்க வேண்டும், அல்லது புறப்படும் இடத்திலேயே குட்டையான ரயிலாகக் கட்டி அனுப்ப வேண்டும். நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கின்றன. ஆயிரம் கிலோமீட்டர் வழித்தடத்தில் எங்கோ ஓரிடத்தில் உள்ள குறை, மொத்த வழித்தடத்தின் ரயில் நீளத்தையும் தீர்மானித்துவிடுகிறது. நீளமாக்கிய நாட்டின் செலவு அந்த அளவுக்கு வீண்.

பன்னாட்டு ரயில்வே சங்கம் 2004ஆம் ஆண்டு வகுத்த 406ஆம் எண் வழிகாட்டி, கலப்புப் போக்குவரத்து உள்ள பாதைகளில் நெரிசல் நேரத்தில் 75 சதவீதத்துக்கும், நாள் முழுவதற்குமான சராசரியில் 60 சதவீதத்துக்கும் மேல் நிரப்ப வேண்டாம் என்று பரிந்துரைக்கிறது. மீதமுள்ள 40 சதவீதம் வீணாகக் கிடக்கும் இடமல்ல. தாமதமாக வரும் ஒரு ரயில் மற்ற ரயில்களையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு போகாமல் காப்பது அதுதான். எல்லைகளில் இதன் முக்கியத்துவம் இரட்டிப்பாகிறது. முந்தைய நாட்டில் சேர்ந்த தாமதமெல்லாம் மூட்டையாக வந்து இறங்கும் இடம் எல்லை.

ஜெர்மன் எல்லையை ஒட்டிய சுவிஸ் நகரமான பாசெலில் இதைக் கண்கூடாகக் காணலாம். சுவிட்சர்லாந்து தன் ரயில்களைச் சீரான இடைவெளியில், ஒவ்வொரு சந்திப்பிலும் இணைப்பு ரயில் கிடைக்கும்படி, 1982 முதல் ஓட்டிவருகிறது. ஜெர்மனியிலிருந்து நெடுந்தொலைவு ஓடி மிகத் தாமதமாக வந்துசேரும் விரைவு ரயிலை அந்த நெருக்கமான அட்டவணைக்குள் நுழையவிட்டால், நாடு முழுவதும் இணைப்புகள் குலையும். எனவே அப்படிப்பட்ட ரயிலை பாசெலிலேயே நிறுத்திவிட்டு, பயணிகளைச் சுவிஸ் ரயிலுக்கு மாற்றிவிடுகிறார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைமேடை மாறும் பயணிக்கு இது எரிச்சல்தான். ஆனாலும் அந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். தனக்கு ஒதுக்கிய நேரத்தை, அதாவது ஸ்லாட்டை, தவறவிட்ட ரயிலுக்காக, அடுத்த நாட்டில் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும் பல ரயில்களைப் பலிகொடுப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் தாமதத்தைத் தோற்றுவித்த பாதைக்கு அதனால் என்ன இழப்பு? பெரும்பாலும் எதுவும் இல்லை.

ஸ்லாட் என்பது, ஒரு ரயில் ஒரு பாதையில் இத்தனை மணி இத்தனை நிமிடத்துக்கு இந்த இடத்தைக் கடக்கலாம் என்ற உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டு அட்டவணை, டிசம்பர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை நள்ளிரவில் மாறுகிறது. அதற்கான விண்ணப்பங்களை அந்த ஆண்டின் ஏப்ரல் மாதவாக்கிலேயே கொடுத்துவிட வேண்டும். பயணிகள் ரயிலுக்கு இது பொருந்தும். சரக்கு ரயிலை ஓட்டுபவருக்கோ, அடுத்த ஆண்டு அக்டோபரில் எந்தத் தொழிற்சாலை எத்தனை வண்டி இரும்பு அனுப்பும் என்பது ஏப்ரலில் எப்படித் தெரியும்? அவர் காத்திருந்து கேட்கும்போது நல்ல நேரங்கள் எல்லாம் போய்விட்டிருக்கும். மிஞ்சியதை ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். ஒரு நாடு எல்லையை இரவு 2 மணிக்குத் தொடும்படி ஸ்லாட் தருகிறது. அடுத்த நாடு அதே எல்லையிலிருந்து காலை 5 மணிக்குக் கிளம்பும்படி தருகிறது. இரு ஸ்லாட்டுகளும் அவரவர் நாட்டில் சரியானவையே. இடையிலுள்ள மூன்று மணி நேரத்துக்கு எவரும் பொறுப்பாளியில்லை. அந்த மூன்று மணி நேரமும் ரயில் நிற்பதற்கு எல்லை நிலையத்தில் ஒரு தண்டவாளத்தையும் அடைத்துக்கொள்கிறது. அதனால் அடுத்து வரும் ரயிலுக்கு நிற்க இடமில்லை.

இதைச் சரிசெய்ய முயலாமல் இல்லை. 2004ஆம் ஆண்டு, அந்தந்த நாட்டில் தண்டவாளங்களை நிர்வகிக்கும் அமைப்புகளான ரயில் பாதை மேலாளர்கள் சேர்ந்து ரெயில்நெட்யூரோப் என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். 2010ஆம் ஆண்டு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 913ஆம் எண் ஒழுங்குமுறை, ஒன்பது சரக்கு வழித்தடங்களை வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே சாளரத்தில் விண்ணப்பிக்கும் ஏற்பாட்டையும், எல்லையின் இருபுறமும் முன்கூட்டியே பொருத்தி வைத்த ஸ்லாட்டுகளையும் கொண்டுவந்தது. நல்ல யோசனைதான். ஆனாலும் அந்த ஸ்லாட்டுகள் ஒவ்வொரு நாடும் தன் உள்நாட்டுத் தேவையைக் கவனித்தபிறகு ஒதுக்கிக் கொடுத்தவை. பங்காளிகள் தங்களுக்கு வேண்டாத வயலை மட்டும் பொதுவில் விட்டுவைத்தால் பொது விளைச்சல் எப்படியிருக்குமோ, அப்படித்தான் இருந்தது பலன்.

2023 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த கொள்ளளவு ஒழுங்குமுறை முன்மொழிவு இதைவிட ஆழமாகப் போக முயல்கிறது. அட்டவணையை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நிரப்பாமல், பல ஆண்டுகளுக்கு முன்பே எந்தப் பாதையில் எவ்வளவு பங்கு பயணிகள் ரயிலுக்கு, எவ்வளவு சரக்கு ரயிலுக்கு, எவ்வளவு பராமரிப்புக்கு என்று திட்டமிடுவது. தாமதமாகக் கேட்பவர்களுக்கென்று ஒரு பங்கை விற்காமல் பாதுகாத்து வைப்பது. கொடுத்த ஸ்லாட்டை ரத்து செய்பவர் எவராக இருந்தாலும் இழப்பீடு தருவது என்பவை அதன் அடிப்படைகள். இதில் கடைசி அம்சத்தைத்தான் நான் மிக முக்கியமானதாக எண்ணுகிறேன். வாங்கிய ஸ்லாட்டைப் பயன்படுத்தாமல் விடும் நிறுவனமும், பராமரிப்பு என்று சொல்லிக் கடைசி நேரத்தில் பாதையை மூடும் மேலாளரும், அந்த நிமிடங்களுக்கு விலை கொடுக்க வேண்டிய நிலை வந்தால்தான் இரு தரப்பும் நிமிடங்களை மதிக்கும்.

அட்டவணை பொருந்திவிட்டால் மட்டும் ரயில் எல்லையைக் கடந்துவிடாது. ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் நடுவே 1,371 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரென்னர் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவின் 15,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம் அங்கே முடிந்து, இத்தாலியின் 3,000 வோல்ட் நேர்திசை மின்சாரம் தொடங்குகிறது. இரண்டிலும் ஓடும் இன்ஜின் இருந்தால் மாற்றாமல் போகலாம். இல்லாவிட்டால் வந்த இன்ஜினைக் கழற்றி, அந்த நாட்டு இன்ஜினைக் கோத்து, பிரேக் குழாய்களை இணைத்து, காற்றழுத்தம் கடைசி வேகன்வரை போய்ச்சேர்கிறதா என்று சோதிக்க வேண்டும். அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ரயிலின் ஓரமாக ஒருவர் நடந்துபோய், கடைசி வேகனின் பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்வுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிவர வேண்டும். பனிக்காலத்தில் அது எளிய வேலையல்ல.

பிறகு ஓட்டுநர். ஐரோப்பிய விதிப்படி, ஒரு நாட்டின் பாதையில் ரயில் ஓட்டுபவர் அந்நாட்டுப் பாதை மேலாளர் குறிப்பிட்ட மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்; அந்தப் பாதையையும் அதன் சிக்னல் விதிகளையும் அறிந்திருக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் கட்டுப்பாட்டு அறையோடு பேசிப் புரிந்துகொள்ள முடியாதவர் கையில் ஆயிரம் டன்னுக்கும் மேலான எடையை ஒப்படைக்க முடியாது என்பதால், அந்த விதியின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் எல்லைக்கு அப்பால் முப்பது கிலோமீட்டரில் உள்ள யார்டு வரைக்கும் அதே தேர்ச்சியைக் கேட்பது தேவையா என்பது விவாதத்துக்குரியது. முன்பே வகுத்த குறைந்த எண்ணிக்கையிலான செய்திகளை மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு பரிமாறிக்கொள்ள முடியுமா என்று டிரான்ஸ்லேட்ஃபார்ரெயில் என்ற திட்டத்தில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

கடைசி வேகனின் பின்புறம் மாட்டும் அடையாளம்கூட ஒரு பிரச்சினையாக இருந்தது. சில நாடுகளில் ஒளியைப் பிரதிபலிக்கும் தகடு இரண்டு போதும். வேறு சில நாடுகளில் எரியும் விளக்குத்தான் வேண்டும். அதற்காக எல்லையில் ரயிலை நிறுத்தி, தகட்டைக் கழற்றி விளக்கை மாட்டும் வேலையைச் செய்தார்கள். ஐரோப்பிய அளவில் பொது விதி கொண்டுவரப் பல ஆண்டுகள் பிடித்தன. ஒரு விளக்கு மாற்றும் நேரம் சில நிமிடங்கள்தான். அதற்காக நின்ற ரயில் தன் ஸ்லாட்டை இழந்து, அடுத்த ஸ்லாட்டுக்குக் காத்திருக்கும் நேரம் மணிக்கணக்கில் நீளும். சிறு காரணங்களுக்கும் பெரும் இழப்புகளுக்கும் இடையே உள்ள இந்த விகிதத்தைத்தான் எல்லை கடக்கும் ரயில் பற்றிப் பேசும்போதெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் போக்குவரத்து வலையமைப்பு ஒழுங்குமுறை, ஒன்றியத்தின் உள் எல்லைகளில் சரக்கு ரயில் காத்திருக்கும் நேரம் 2030 இறுதிக்குள் சராசரியாக 25 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. தண்டவாளம், சிக்னல், சுரங்கம் என்று பொருள்களை மட்டும் இலக்காக வைக்காமல், நிமிடத்தை இலக்காக வைத்திருப்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. நிமிடத்தை அளக்கத் தொடங்கிவிட்டால், அதை வீணாக்குவது யார் என்ற கேள்வி தானாக எழும்.

ஒரு வழித்தடம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2017ஆம் ஆண்டு ராஷ்டாட் காட்டியது. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே நகருக்குத் தெற்கே உள்ள சிறு நகரம் அது. அங்கே ஓடிக்கொண்டிருந்த பாதைக்கு நேர் கீழே, மண்ணை உறையவைத்து, புதிய சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று மேலே இருந்த தண்டவாளம் தாழ்ந்தது. ரைன் பள்ளத்தாக்கின் மிக முக்கியமான பாதை அந்த நிமிடத்தில் மூடப்பட்டு, அக்டோபர் 2 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டது. சுரங்கம் தோண்டும் இயந்திரத்தைக் கான்கிரீட்டுக்குள் புதைத்துத்தான் தரையை நிலைப்படுத்த முடிந்தது. நாளொன்றுக்கு 200 சரக்கு ரயில்கள்வரை ஓடிய பாதை அது. சரக்கு ரயில் சங்கங்கள் செய்வித்த ஆய்வு, மொத்த இழப்பை 200 கோடி யூரோவுக்கும் மேல் என்று மதிப்பிட்டது.

மாற்றுப் பாதைகள் வரைபடத்தில் இருக்கத்தான் செய்தன. ஸ்டுட்கார்ட்டிலிருந்து சிங்கன் வழியாகச் சுவிட்சர்லாந்து செல்லும் பாதையின் ஒரு பகுதியில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் இழப்பீடாகப் பெயர்த்தெடுக்கப்பட்ட இரண்டாவது தண்டவாளம் அதுவரை திரும்பப் போடப்படாமலே இருந்தது. போதாக்குறைக்கு அதே காலத்தில் அந்தப் பாதையில் பணிகளும் நடந்துகொண்டிருந்தன. ரைன் நதியின் மேற்குக் கரையில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் வழியே செல்லும் பாதையில், எல்லையை ஒட்டிய வோர்ட், லோட்டர்பூர்க் பகுதிக்கு மின்கம்பி இல்லை. வேறு பிரெஞ்சுப் பாதைகளில் இடமிருந்தும், பிரெஞ்சு மொழித் தேர்ச்சியும் அந்தப் பாதையறிவும் கொண்ட ஓட்டுநர்கள் போதவில்லை. பிரான்ஸில் ஓட அனுமதி பெற்ற இன்ஜின்களும் போதவில்லை. நதிக்கு அக்கரையில் தண்டவாளம் இருக்க, இக்கரையில் ரயில்கள் நின்றன. கொள்ளளவு என்பது இரும்பும் கல்லும் மட்டுமல்ல; அனுமதிச் சீட்டும் மொழியறிவும் அதற்குள் அடங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதற்குப் பின்னரே, பெரும் தடை ஏற்பட்டால் எந்த மாற்றுப் பாதையில் எந்த வகை ரயில் போகலாம் என்பதை நாடுகள் கூட்டாக எழுதிவைக்கும் கையேடு உருவாயிற்று.

2023 ஆகஸ்டில் நிலைமை மீண்டும் சோதிக்கப்பட்டது. 10ஆம் தேதி, சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையின் அடிவார மட்டத்தில் குடைந்த கோத்தார்ட் அடிமட்டச் சுரங்கத்தில் சரக்கு ரயில் தடம் புரண்டது. 57 கிலோமீட்டர் நீளமான அந்தச் சுரங்கம் முழுமையாகத் திறக்க 2024 செப்டம்பர் ஆயிற்று. அதே 2023 ஆகஸ்ட் 27ஆம் தேதி பிரான்ஸின் மோரியேன் பள்ளத்தாக்கில் பாறை சரிந்து, இத்தாலிக்குச் செல்லும் பாதை 2025 மார்ச் இறுதிவரை மூடிக் கிடந்தது. கோத்தார்டில் நல்லவேளையாகப் பழைய மலைப்பாதையைச் சுவிஸ்காரர்கள் பராமரித்து வைத்திருந்ததால் போக்குவரத்து முழுவதும் நின்றுவிடவில்லை. ஆனால் உயரமான டிரெய்லர்களை ஏற்றிய வேகன்கள் அந்தப் பழைய சுரங்கங்களுக்குள் நுழையா. புதிய சுரங்கம் வந்ததும் பழைய பாதையை மூடிச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று பேசுபவர்கள் அந்த மாதங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிச் சுரங்கங்களுக்கே வருவோம். சுவிட்சர்லாந்து 2007இல் லோட்ச்பெர்க், 2016இல் கோத்தார்ட், 2020இல் செனேரி என்று மூன்று அடிமட்டச் சுரங்கங்களைக் கட்டி முடித்தது. அவற்றுக்கு ரயில்களைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய கார்ல்ஸ்ரூவே – பாசெல் பாதையை நான்கு தண்டவாளமாக்குவது குறித்து ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் 1996இல் லுகானோவில் ஒப்பந்தம் செய்தன. அந்தப் பணி முழுமையாக முடிய 2040களுக்குள் போக வேண்டியிருக்கிறது. நெதர்லாந்திலும் இதே கதை. ராட்டர்டாமிலிருந்து ஜெர்மன் எல்லைவரை 160 கிலோமீட்டருக்குச் சரக்கு ரயிலுக்கென்றே பெட்டுவே பாதையை 2007இல் திறந்தார்கள். எல்லைக்கு அப்பால் எம்மரிக் – ஓபர்ஹவுசன் பாதையில் மூன்றாவது தண்டவாளம் போடுவதற்கான உடன்பாடு 1992இல் கையெழுத்தானது. பெட்டுவே பாதை ஓடத் தொடங்கி இத்தனை ஆண்டுகளாகியும் அந்தப் பணி நடந்துகொண்டேயிருக்கிறது. பிரான்ஸின் பெர்பின்யானுக்கும் ஸ்பெயினின் ஃபிகரெஸுக்கும் இடையே 44 கிலோமீட்டர் பாதை 2010 டிசம்பரில் திறந்தபோது, அங்கிருந்து பார்சிலோனா செல்லும் அதிவேகப் பாதை முடிந்திருக்கவில்லை. 2013 ஜனவரியில்தான் முடிந்தது. எதிர்பார்த்த ரயில்கள் வராமல் அந்தப் பாதையைக் கட்டிய தனியார் நிறுவனம் கலைக்கப்பட்டு, இரு நாடுகளின் ரயில் பாதை அமைப்புகளும் அதை ஏற்று நடத்த வேண்டியதாயிற்று.

இவற்றில் எவரையும் சோம்பேறி என்று சொல்வதற்கில்லை. உள்ளூர் மக்கள் இரைச்சலுக்கு அஞ்சி எதிர்க்கிறார்கள்; அது நியாயமான அச்சம். வழக்குகள் நீள்கின்றன. வரிப்பணம் செலவிடும் அமைச்சருக்கு, தன் நாட்டு வாக்காளர் பயணம் செய்யும் புறநகர்ப் பாதை முதலில் தெரிகிறது. ராட்டர்டாமிலிருந்து மிலானுக்குப் போகும் கன்டெய்னர் வாக்களிப்பதில்லை. எல்லையின் ஒருபுறம் போடும் பணத்தின் பயன் பெரும்பாலும் மறுபுறத்துக்கோ, இரண்டு நாடு தள்ளி இருப்பவருக்கோ போய்ச்சேர்கிறது. இந்த அடிப்படை முரணைத் தீர்க்காத எந்த ஒப்பந்தமும் பத்திருபது ஆண்டுகள் தாமதமாகத்தான் செய்யும்.

சிக்னல் முறையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். நாட்டுக்கு ஒன்றாக வளர்ந்த சிக்னல் முறைகளுக்குப் பதிலாக இடிசிஎஸ் என்ற பொது முறையைக் கொண்டுவரும் முயற்சி பல ஆண்டுகளாக நடக்கிறது. இன்ஜினுக்குள் ஒரே கருவி போதும். ரயில்களுக்கிடையே உள்ள இடைவெளியையும் குறைக்கலாம். ஆனால் பாதையிலும் இன்ஜினிலும் இரண்டிலும் பொருத்தினால்தான் பயன் என்பதால், ஒருவர் மற்றவருக்காகக் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. எல்லையின் இருபுறமும் ஒரே ஆண்டில், ஒரே பதிப்பில் பொருத்துவதைச் சட்டமாக்காமல் இது முன்னேறாது.

பராமரிப்புக்காகப் பாதையை மூடுவதும் கொள்ளளவின் ஒரு பகுதிதான். 2024 ஜூலை முதல் டிசம்பர்வரை ஃபிராங்க்ஃபர்ட் – மான்ஹைம் பாதையை முற்றிலும் மூடி ஒரே மூச்சில் புதுப்பித்தது ஜெர்மனி. அரைகுறையாகப் பல ஆண்டுகள் தொந்தரவு தருவதைவிட இது மேல் என்பது என் கருத்து. ஆனால் அந்த ஐந்து மாதமும் மாற்றுப் பாதையில் அண்டை நாடு தன் பணியைத் தொடங்கிவிடக் கூடாது. பெரிய அளவிலான மூடல்களை 24 மாதங்களுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. வெளியிட்டால் மட்டும் போதாது. ஒருவர் மூடும்போது மற்றவர் திறந்துவைத்திருக்க வேண்டிய கடமையும் அதோடு சேர வேண்டும்.

ஒத்துழைப்பு இருக்கும்போது எல்லை எப்படி மறைந்துபோகிறது என்பதற்கு டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலம் சான்று. டென்மார்க்கில் மின்சாரம் 25,000 வோல்ட், சுவீடனில் 15,000; டென்மார்க்கில் ரயில்கள் வலப்பக்கமாக ஓடுகின்றன, சுவீடனில் இடப்பக்கமாக. 2000 ஜூலையில் திறந்த நாள் முதல், ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் மாறுகிறது. பயணி உணர்வதுகூட இல்லை. அதே பாலத்தில் 2016 ஜனவரியில் சுவீடன் அடையாள அட்டைச் சோதனையைக் கட்டாயமாக்கியதும், கோபன்ஹேகனிலிருந்து வருபவர்கள் காஸ்ட்ரப் விமான நிலையத்தில் இறங்கி, சோதனை முடிந்து, வேறு ரயில் ஏற வேண்டியிருந்தது. பாலம் அப்படியே நின்றது. ரயில்கள் குறைந்தன, பயண நேரம் கூடியது.

ஆகவே எனக்குத் தெரிந்த வரிசை இது. முதலில், எல்லையின் இருபுறமும் பொருந்தாத எந்த ஸ்லாட்டையும் வழங்கப்பட்டதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. அடுத்து, 740 மீட்டர் லூப்களை எல்லையை நோக்கி இரு நாடுகளும் சேர்ந்தே கட்டிவர வேண்டும். மூன்றாவதாக, மாற்றுப் பாதைகளுக்கான ஓட்டுநர்களை அமைதியான நாட்களிலேயே பயிற்றுவித்து, அவர்களது பாதையறிவு மங்காமல் இருக்க, வாரத்தில் சில ரயில்களையாவது அந்தப் பாதையில் வழக்கமாக ஓட்ட வேண்டும். இவை மூன்றும் சுரங்கத்தோடு ஒப்பிட்டால் சிறு செலவுகள்.

பெரிய கேள்வி, யார் கொடுப்பது என்பதே. வோர்ட், லோட்டர்பூர்க் வழியாக மின்கம்பி இழுத்தால், ரைன் பாதை அடைபடும் நாளில் பயன்பெறுவோர் ராட்டர்டாமிலும் மிலானிலும் இருப்பார்கள். செலவோ பிரான்ஸின் அல்சாஸும் ஜெர்மனியின் ரைன்லாந்து-ஃபால்ஸும் சுமக்க வேண்டியதாக இருக்கும். அந்த வட்டாரங்கள் தயங்குவதில் வியப்பில்லை. 2021 முதல் 2027 வரையிலான காலத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் தன் இணைப்பு நிதியில் போக்குவரத்துக்காக 2,580 கோடி யூரோவை ஒதுக்கியது. அந்த நிதி புதிய பாதைகளுக்குத் தாராளமாகப் போகிறது. அடுத்த சுற்றில் அதன் ஒரு பங்கை, வழக்கமான நாளில் அதிகம் பயன்படாத, ஆனால் முதன்மைப் பாதை அடைபடும்போது கைகொடுக்கும் மாற்றுப் பாதைகளுக்கென்று பிரித்துவைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். வழித்தடம் முழுவதிலும் ஓடும் ஒவ்வொரு சரக்கு ரயிலிடமும் பாதைக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்கி அந்தப் பங்கோடு இணைத்தால், பயன்பெறுபவரே செலவில் பங்கேற்றதாகவும் ஆகும். அல்சாஸின் வரிசெலுத்துபவரிடம் ஜெனோவாவுக்காகப் பணம் கேட்க வேண்டிய சங்கடமும் இராது.